மாசியில் விதை, சித்திரையில் காய்

பொங்கலுக்குப் பறித்த அவரையும் மொச்சையும் ஓய்ந்து, மாசி வெயில் உறைக்கத் தொடங்கியதும் மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "இனி ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம்." பழைய செடிகளைப் பிடுங்கிப் போடுகிறார்கள். பைகளை ஓர் ஓரமாகக் குவித்துவிடுகிறார்கள். நான்கைந்து மாதங்களுக்கு மாடி சும்மா கிடக்கிறது. காய்கறி வரத்து குறைந்து விலை ஏறுவதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் உழவர்கள் ஆடியை மட்டும் நம்பி இருந்ததில்லை. தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று அவர்களுக்கு வேறு விதைப்புக் காலங்களும் உண்டு. அறுவடை முடிந்த வயலிலும் நீர் வற்றிய ஏரியிலும் வெள்ளரியும் கிர்ணியும் போட்டு, பங்குனி, சித்திரையில் பிஞ்சு பறித்து விற்பது தமிழ்நாட்டில் இன்றும் நடக்கிறது. கோடையில் பேருந்து நிலையங்களில் மிளகாய்த்தூள் தூவி விற்கும் வெள்ளரிப் பிஞ்சு அப்படி வந்ததுதான்.

வெயிலைக் கண்டு அஞ்சும் செடிகளும் உண்டு. வெயில் இருந்தால்தான் காய்க்கும் செடிகளும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறிந்து, சரியான வாரத்தில் விதையை ஊன்றினால் கோடையிலும் அடுப்படிக்குக் காய் வந்துகொண்டே இருக்கும்.

அக்னிக்கு முன் வேர்

அக்னி நட்சத்திரம் மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி மே கடைசி வாரம் வரை நீடிக்கும். சென்னையில் இதுவரை பதிவான உச்ச வெப்பமும் அதையொட்டிய நாள் ஒன்றில்தான்: 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ். அந்த வெயிலில் இரண்டு இலை விட்ட நாற்று பிழைப்பது கடினம். ஏற்கெனவே வேர் இறங்கி, தழை பரப்பி நிற்கும் செடியோ தன் இலைகளாலேயே தன் மண்ணுக்கு நிழல் கொடுத்துத் தாக்குப்பிடிக்கும்.

அதனால்தான் மாசி முக்கியமாகிறது. மாசி 10, அதாவது பிப்ரவரி 22 வாக்கில் வெண்டை விதை ஊன்றினால், ஏறத்தாழ 45 நாளில், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் முதல் காய் பறிக்கலாம். அக்னி பிறப்பதற்குள் செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும். அதே நாளில் போட்ட வெள்ளரியும் 45, 50 நாளில் பிஞ்சு விடும். பீர்க்கு, பாகல், சுரை ஆகியவை காய்க்க இரண்டு மாதம் அல்லது அதற்குச் சற்று மேல் ஆகும். சித்திரை பிறந்து சில நாட்களில் அவையும் பந்தலில் தொங்கும்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் கணக்கு வேறு. கத்தரி நாற்று 30, 35 நாள் வளர்ந்த பிறகும், மிளகாய் நாற்று 40 நாள் வளர்ந்த பிறகும் பிடுங்கி நட வேண்டியவை. மாசியில் நட வேண்டுமென்றால் தையிலேயே நாற்று விட்டிருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்றாக வாங்கி நடலாம்.

பங்குனி பாதி கடந்துவிட்டால் என்ன செய்வது? அப்போதும் கீரை, கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை ஆகியவற்றை விதைக்கலாம். முளைத்து நாலைந்து இலை விடும்வரை நிழல்வலைக்கு அடியில் வைத்திருந்தால் போதும்.

ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. மலையில் உருளைக்கும் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் இதுவே ஏற்ற காலம். இந்தக் கட்டுரை பேசுவது சமவெளியில் வாழ்பவர்களுக்காக.

வெயில் விரும்பிகள் யார், யார்?

முதல் இடம் வெண்டைக்கு. இருபது டிகிரிக்குக் கீழே அதன் விதை முளைக்கவே தயங்கும். வெதுவெதுப்பான மண்ணில் நாலைந்து நாளில் தலைகாட்டிவிடும். முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பைக்கு இரண்டு விதை வீதம் ஊன்றி, பிறகு வலுவான ஒன்றை மட்டும் விட வேண்டும். கோடை வெண்டைக்குப் பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இலை நரம்புகள் மஞ்சளாகி, காயும் வெளுத்து, செடி குன்றிவிடும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்து இல்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'அர்கா அனாமிகா' போன்ற நோய் எதிர்ப்புள்ள ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி. காய்க்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் காய் முற்றி நாராகும். முற்றிய காய் செடியில் நின்றால் புதிய பூ குறையும்.

அடுத்தது கொத்தவரை. ஆழமாக வேர் விடும் பயறு வகைச் செடி இது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருவதால் உரமும் அதிகம் கேட்காது. 'பூசா நவ்பஹார்' ரகம் கிளை விடாமல் நேராக வளர்வதால் மாடிப் பைக்கு ஏற்றது.

கத்தரியும் வெயிலுக்குப் பழகிய செடிதான். பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம். 1, பாலூரில் வெளியிட்ட பி.எல்.ஆர். 1 என்று ஊர்ப் பெயர் தாங்கிய ரகங்கள் தமிழ்நாட்டு மண்ணுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள்ளுக் கத்தரி புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. உள்ளூரில் கிடைக்கும் நாட்டு ரகம் எதுவோ அதையே முதலில் நட்டுப் பார்ப்பது நல்லது; அந்த ஊர் வெயிலை அது பல தலைமுறையாக அறிந்திருக்கும்.

கீரைகளில் முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் ஒரே தாவரக் குடும்பத்தின் பிள்ளைகள். இவற்றுக்கு ஒரு தனித் திறமை உண்டு. பெரும்பாலான செடிகள் கடும் வெயிலில் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும்போது கரியமில வாயு உள்ளே வருவது குறைந்து உணவு தயாரிப்பும் மந்தமாகிவிடும். இந்தக் கீரைகளோ உள்ளே வரும் கொஞ்ச வாயுவையும் இலைக்குள் செறிவாகச் சேர்த்துப் பயன்படுத்தும் அமைப்பைப் பெற்றவை. மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் இருக்கும் அதே அமைப்பு. அதனால்தான் மற்ற செடிகள் சோர்ந்து நிற்கும் மாதத்திலும் கீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடுகிறது. விதை மிகப் பொடியானது. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. தூவிய பின் பூவாளியால்தான் நீர் தெளிக்க வேண்டும். வாளியால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துச் செல்லப்படும்.

பருப்புக்கீரையும் கொடிப்பசலையும் கோடைக்கு இன்னும் கெட்டிக்காரர்கள். தடித்த இலையிலும் தண்டிலும் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் பருப்புக்கீரை, ஒருவேளை நீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. தண்டை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். கொத்தமல்லியும் பாலக்கும் அப்படியல்ல. வெயில் ஏறியதும் இலை விடுவதை நிறுத்திப் பூத்துவிடும்.

இப்போது வேண்டாதவை

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், பீன்ஸ் ஆகியவற்றை ஐப்பசி, கார்த்திகைக்கு ஒத்திவைப்பது நல்லது. பலரும் ஏமாறுவது தக்காளியில். செடி செழிப்பாக வளரும், பூவும் கொத்துக்கொத்தாக விடும். ஆனால் காய் நிற்காது. பூவெல்லாம் காம்போடு உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் இடுவார்கள். காரணம் உரம் அல்ல. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும்போதுதான் தக்காளி நன்றாகக் காய்பிடிக்கும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் தணியாமல் இருந்தால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். மே மாதத்தில் சென்னையின் இரவு வெப்பமே 27, 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. தக்காளி வேண்டுமென்றால் மார்கழி, தையில் நட்டு, சித்திரைக்குள் பறித்து முடிப்பதுதான் சரி.

மண்ணைவிட முக்கியம் மண்ணின் சூடு

மாடித் தோட்டத்துக்குச் செம்மண், மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்கு கலப்பது நடைமுறையில் உள்ள முறை. மண்ணை மட்டும் நிரப்பினால் பாரம் தாங்காது: ஒரு கன அடி ஈரமண் 45 கிலோ வரை எடை இருக்கும். நார்க்கழிவு எடையைக் குறைப்பதோடு நீரையும் பிடித்து வைக்கும். கட்டியாக வாங்கும் நார்க்கழிவை இரண்டு, மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டே கலக்க வேண்டும். அதிலுள்ள உப்பு இளம் வேரைக் கருக்கிவிடும். சரியாக மட்காத சாணத்தைக் கோடையில் இடுவதும் ஆபத்து. அது மட்கும்போது வெளியாகும் சூடு வேரைத் தாக்கும்.

கீரைக்கு அரை அடி ஆழமுள்ள தொட்டி போதும். வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு ஓரடி உயரமும் ஓரடி அகலமும் உள்ள பை வேண்டும். பந்தல் காய்களுக்கு ஒன்றரை அடி ஆழமாவது தேவை. பை பெரிதாக இருந்தால் மண் சூடேறுவதும் மெதுவாகவே நடக்கும்.

பகல் முழுவதும் வெயில் குடித்த காங்கிரீட் தளம் இரவிலும் சூட்டை வெளியிடும். பையை நேரடியாகத் தளத்தில் வைக்காமல் நான்கு செங்கல் மீதோ மரப்பலகை மீதோ வைத்தால் அடியில் காற்று ஓடும். தளத்தில் ஈரம் தேங்குவதும் தவிரும். கறுப்புப் பை வெயிலை உறிஞ்சும், வெள்ளைப் பை திருப்பி அனுப்பும். பைகளைத் தனித்தனியாக வைக்காமல் நெருக்கி வைப்பதும், மேற்கு வெயில் படும் பக்கத்தில் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிடுவதும் செலவில்லாத பாதுகாப்பு. அக்னி நாட்களில் மட்டும் 35 அல்லது 50 சதவீத நிழல்வலை கட்டலாம். மற்ற நாட்களில் வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வலை தேவையில்லை. அதிக நிழல் காய்ப்பைக் குறைக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு மூடாக்கு. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று வலியுறுத்தியவற்றில் இதுவும் ஒன்று. கரூர் மாவட்டம் கடவூர் அருகே வறண்ட நிலத்தில் அவர் உருவாக்கிய 'வானகம்' பண்ணையின் பாடங்களிலும் மூடாக்குக்கு முக்கிய இடம் உண்டு. வெறும் மண்ணின் மீது வெயில் படக் கூடாது என்பதே அதன் அடிப்படை. காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார், கரும்புச் சோகை என எது கிடைத்தாலும் இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விட வேண்டும். நீர் ஆவியாவது குறையும், மண் குளிர்ந்திருக்கும், மூடாக்கு மட்கி உரமும் ஆகும்.

தண்ணீர்: எப்போது, எவ்வளவு?

காலை எட்டு மணிக்குள் ஊற்றுவதே சிறந்தது. அக்னி நாட்களில் மாலையிலும் ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கும். மதிய நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீரும், வெயிலில் கிடந்த குழாயில் தேங்கிய தண்ணீரும் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை வேரில் விடக் கூடாது.

நண்பகலில் பூசணி, பீர்க்கு இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்ததும் ஓடிப்போய் நீர் ஊற்றுவது பலரது வழக்கம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழப்பதால் வரும் தற்காலிக வாட்டம் அது. மாலையில் தானே நிமிர்ந்துவிடும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, உள்ளே உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது பையின் அடியில் நீர் கசியத் தொடங்கும்வரை நிதானமாக ஊற்ற வேண்டும். மேலாக நனைத்தால் வேர் மேலேயே சுற்றும். மேல்மண்தான் முதலில் சூடாகும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீட்டில் அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரே நாலைந்து பைகளுக்குப் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரில் உப்புச் செறிவு அதிகம். அதைத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு படியும். வெளியூர் போகிறவர்களுக்குப் பானைப் பாசனம் கைகொடுக்கும்: மெருகு பூசாத சிறிய மண்பானையைப் பெரிய தொட்டியின் நடுவே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், சுவர் வழியே கசியும் ஈரத்தைச் சுற்றியுள்ள வேர்கள் எடுத்துக்கொள்ளும்.

பந்தல் காயும் மாலைப் பூவும்

புடலை, பீர்க்கு, பாகல், சுரைக்குப் பந்தல் போட்டால் காயோடு நிழலும் கிடைக்கும். அந்தப் பந்தலுக்கு அடியிலேயே கீரைத் தொட்டிகளை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ. 1, கோ. 2 ரகங்கள் இவற்றில் பலவற்றுக்கும் உண்டு. கோ. 2 புடலை, காய் குட்டையாக இருப்பதால் தாழ்வான மாடிப் பந்தலுக்குப் பொருந்தும்.

"பூ நிறைய வருகிறது, காய் இல்லை" என்பது பந்தல் வைத்த எல்லோரும் சொல்லும் குறை. இந்தக் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் ஆண் பூக்களே வரும். பெண் பூ பின்னால்தான் வரும். வெப்பமும் பகல் நீளமும் கூடக்கூட ஆண் பூக்கள் இன்னும் அதிகமாகும். அதனால் பொறுமை முதல் மருந்து. பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு போன்ற வடிவம் இருந்தால் அது பெண் பூ. அது வந்த பிறகும் பிஞ்சு வெம்பி விழுந்தால், மகரந்தம் சேர்க்கும் பூச்சி வரவில்லை என்று பொருள்.

அப்போது கையாலேயே மகரந்தம் சேர்க்கலாம். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவ வேண்டும். நேரம் அறிந்து செய்வதே இதில் சூட்சுமம். பூசணி விடியற்காலையில் மலர்ந்து காலையிலேயே மூடிவிடும். பாகலும் வெள்ளரியும் காலையில் மலர்பவை. பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும். புடலை பொழுது சாய்ந்த பிறகு மலரும். காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தேடுபவருக்கு வாடிய பூதான் கிடைக்கும்.

கோடைப் பந்தலுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. பாகலையும் பீர்க்கையும் உள்ளிருந்து அழுகச் செய்யும் பழ ஈ, வெயில் நாட்களில் குறைவாகவும் மழைக்காலத்தில் மிகுதியாகவும் இருக்கும். ஆடியில் போட்ட பாகலில் புழுவோடு போராடியவர்கள், மாசியில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சாறு உறிஞ்சும் கூட்டம்

கோடையின் தொல்லை வேறு வகை. அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி எல்லாம் வறண்ட வெயிலில் பெருகும். இலை சுருள்வதும், இலைக்கு அடியில் பஞ்சு போலவோ பொடிப் புள்ளிகளாகவோ தெரிவதும் அவற்றின் அடையாளம். வாரம் இருமுறை இலையைப் புரட்டிப் பார்ப்பது அவசியம். தொடக்கத்திலேயே கண்டால், இலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு காதி சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். மாலையில் மட்டுமே தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். மஞ்சள் நிற ஒட்டுப்பொறி ஒன்றிரண்டு தொங்கவிட்டால் வெள்ளை ஈ அதில் ஒட்டிக்கொள்ளும்.

உரம் என்று பார்த்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவைக் கிடைப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி வீதம், அதாவது 3 சதவீதக் கரைசலாக, மாலையில் தெளிக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி தேவை என்கிறது. ஒரு மாடித் தோட்டம் நால்வர் குடும்பத்தின் முழுத் தேவையையும் நிறைவேற்றாது. ஆனால் வாரம் இரண்டு நாள் கீரை, இரண்டு நாள் வெண்டையோ கத்தரியோ, பந்தலிலிருந்து ஒரு கூட்டு என்பது பத்துப் பன்னிரண்டு பைகளில் எட்டக்கூடியது. தேவைக்கு மேல் காய்த்தால் வற்றல் போடுவதற்குக் கோடையைவிட நல்ல காலம் ஏது? கொத்தவரை, வெண்டை, கத்தரி எல்லாம் அதே மாடியில் காய்ந்து, ஐப்பசி மழையில் குழம்புக்கு உதவும்.

விதைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழக விற்பனை மையங்கள், மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள், அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் ஆகியவற்றை நாடலாம். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தொகுப்புகளை மானியத்தில் வழங்கும் ஆண்டுகளும் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் தெரியும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரு தொட்டியில் தண்டுக்கீரை, மூன்று பைகளில் வெண்டை, இரண்டில் கொத்தவரை, ஒரு பெரிய பையில் பீர்க்கு என்று இந்த மாசியில் தொடங்குங்கள். நாட்டு ரகமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் செடியிலேயே முற்றிக் காய விடுங்கள். வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாய்ச்செடியைப் போலவே முளைக்காது. நாட்டு ரகத்தின் விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தால், வரும் ஆடிப்பட்டத்துக்குக் கடையில் விதை வாங்க வேண்டியதில்லை.